வளவு யாருக்கு, எந்த நாளில்? சிறு குழுவுக்குச் சொந்த மின்னஞ்சலும் பொது நாட்காட்டியும்: தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

பள்ளத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் பங்காளி வீட்டின் இரண்டாங்கட்டில், சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்றைக்கு, எந்த முகூர்த்தத்துக்கு வளவு (விசேஷம் நடக்கும் உள்முற்றப் பகுதி) யாருக்கு, யார் எப்போது ஊருக்கு வந்து தங்குகிறார்கள் என்பதெல்லாம் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மொத்தம் பதினான்கு புள்ளி, அதாவது பதினான்கு குடும்பம். ஊரோடு இருப்பது மூன்றே மூன்று. மற்றவர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர், பினாங்கு, அமெரிக்கா என்று சிதறியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி முகூர்த்தத்தில் அந்தக் காலண்டர் எங்களைக் கைவிட்டது. ஒரு வீட்டார் அறுபதாம் சாந்திக்கு வளவு வேண்டும் என்று ஊரில் இருப்பவரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டார். இன்னொரு வீட்டார் மகளின் திருப்பூட்டுக்கு (கல்யாணத்துக்கு) அதே நாளைக் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் அது புதைந்துபோனது. பத்திரிகை அடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சாந்தி காரைக்குடியில் ஒரு மண்டபத்துக்கு மாறியது. அந்தப் பெரியப்பா தன் அப்பச்சி கட்டிய வளவில் உட்கார முடியாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அதன் பிறகுதான் நாங்கள் எல்லோரும் பார்க்கும் ஒரு நாட்காட்டியும், வீட்டின் பெயரில் ஒரு மின்னஞ்சலும், நாமே நடத்தும் சர்வரில் (எப்போதும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில்) வைப்பது என்று இறங்கினோம். கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவன் என்பதால் வேலை என்னிடம் வந்தது. தவறான தேர்வுகளில் ஓராண்டு வீணானது. அந்த ஓராண்டு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பங்காளி வீடு, கோயில் திருப்பணிக் குழு, பழைய மாணவர் சங்கம், கண்டாங்கிச் சேலை நெய்பவர்களின் குழு, ஆத்தங்குடிக் கல் பதிக்கும் நாலைந்து பட்டறைகள் சேர்ந்த கூட்டு என்று ஐந்து பேரிலிருந்து ஐம்பது பேர்வரை உள்ள யாருக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன்னால் ஒன்று. மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். நாட்காட்டியைச் சொந்தமாக நடத்துவது எளிது. மின்னஞ்சலைச் சொந்தமாக நடத்துவது கடினம். இரண்டையும் தனித்தனியாகத் தீர்மானித்துவிட்டு, பிறகு ஒரே மென்பொருளில் சேர்க்கலாமா என்று பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஓராண்டு போனது அதனால்தான்.

முதல் படி: இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்

மென்பொருளின் பெயர் எதையும் தேடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, குழுவில் யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் வந்தவை இவை: வளவு காலியா, பெரிய அண்டாவும் சமுக்காளமும் யாரிடம் இருக்கின்றன, படைப்பு தேதி குறித்தாகிவிட்டதா, இந்த வருட முறை யாருக்கு, மின்கட்டண ரசீதை யார் வைத்திருக்கிறார், ஓடு மாற்றிய கொத்தனாரின் கணக்கு எங்கே.

இந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் நாட்காட்டிக் கேள்விகள். அதிலும் இரண்டு வகை உண்டு. படைப்பு போல எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் ஒரு வகை. வளவு, அண்டா போல ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லை என்ற பொருள் இன்னொரு வகை. இரண்டாம் வகை உங்கள் குழுவில் இருந்தால், ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கொடுக்காமல் தானே மறுக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். எல்லா நாட்காட்டியிலும் இது கிடையாது. எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது இந்த ஒன்றுதான்.

ரசீதும் கணக்கும் மின்னஞ்சல் பக்கம் வரும். ஒவ்வொருவருக்கும் தனி முகவரி வேண்டுமா, வீட்டுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு போதுமா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு பொது முகவரி போதும். பதினான்கு பேருக்குப் பெட்டி திறந்தால் பதினான்கு கடவுச்சொல்லையும் நீங்கள்தான் காக்க வேண்டும்.

இரண்டாம் படி: முறைக்காரரை நியமியுங்கள்

செட்டிநாட்டில் பொது வீட்டையும் கோயில் காரியத்தையும் முறை வைத்துப் பார்ப்பது நமக்குப் பழக்கம். இந்த ஆண்டு ஒரு புள்ளி, அடுத்த ஆண்டு இன்னொன்று. சாவிக்கொத்து கைமாறும், கணக்கு நோட்டு கைமாறும். சர்வருக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்த சர்வர், அவர் நோயில் படுத்தால் அல்லது வேலை மாறி வெளியூர் போனால் பூட்டிய வீடாகிவிடும்.

குறைந்தது இரண்டு பேர். ஒருவருக்கு, சர்வர்களை இயக்கும் லினக்ஸின் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதி வைத்ததைப் பார்த்துச் செய்யும் பொறுமை போதும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று அவர்களை நேராகக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் சொந்த மின்னஞ்சல் சர்வர் பக்கமே போகாதீர்கள், நாட்காட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் இரக்கம் பார்க்க வேண்டாம். பார்ப்பதற்கு ஆள் இல்லாத மின்னஞ்சல் சர்வர் ஒரு நாள் திருடர்கள் கைக்குப் போய், ஊரெல்லாம் குப்பை அனுப்பும்.

மூன்றாம் படி: விலாசத்தை வாங்குங்கள்

விலாசம் என்றால் நம் பக்கத்தில் வெறும் முகவரி இல்லை. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் அடையாளமாகப் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள். இணையத்தில் அந்த இடத்தில் இருப்பது டொமைன். சர்வர் மாறலாம், மென்பொருள் மாறலாம், டொமைன் உங்களுடையதாக இருந்தால் மின்னஞ்சல் முகவரி மாறாது. எனவே முதல் செலவு இதுதான்.

குழுவில் ஒருவருடைய தனிப்பட்ட கணக்கில் வாங்கிவிடாதீர்கள். அந்த ஆவணிக்கும் முன்பு ஒருமுறை, ஒரு தம்பியின் இலவசக் கணக்கில் நாட்காட்டி வைத்துப் பார்த்தோம். அவர் கைபேசி எண்ணை மாற்றினார். கணக்குக்குள் நுழைய முடியவில்லை. மூன்று ஆண்டுக் குறிப்புகள் போயின. டொமைன் பதிவில் பொது முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றுபோனால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் வராது. பல ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

தமிழிலேயே '.இந்தியா' டொமைன் பதியலாம். தமிழ் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறையும் 2012இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் 2015 முதல் அதை ஏற்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் வங்கிப் படிவமும் ரயில்வே படிவமும் அதை வாங்காதபோது வீட்டு வேலை நிற்கும். தமிழ் டொமைனை வீட்டின் இணையப் பக்கத்துக்கு வைத்துக்கொண்டு, மின்னஞ்சலுக்கு ஆங்கில எழுத்து டொமைனையே வையுங்கள்.

நான்காம் படி: மின்னஞ்சல் உங்களுக்குச் சொந்தமாக வேண்டுமா?

நாட்காட்டியைப் பார்ப்பவர்கள் நம் ஆட்கள் மட்டும்தான். மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டிய இடமோ அடுத்தவர் வாசல். அந்த வாசலில் இருப்பவர் உங்களை நம்ப வேண்டும்.

நம் முன்னோர் ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி (கடை) வைத்து நடத்திய காலத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு விலாசத்தின் பெயரில் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் கடிதம்) வந்தால், கொண்டுவந்தவர் அந்த விலாசத்துக்கு உரிய ஏஜென்ட்தானா, கையெழுத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். மின்னஞ்சலிலும் அப்படியே. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் இவை என்று டொமைனில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு கடிதத்திலும் பதியும் கையெழுத்து டிகேஐஎம். இரண்டும் பொருந்தாத கடிதம் வந்தால் அதை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்கு நாம் சொல்லி வைப்பது டிமார்க். மூன்றையும் டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் டிஎன்எஸ் பக்கத்தில் சில வரிகளாக எழுத வேண்டும். டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்து, ஒரு மாதம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு கடுமையாக்குங்கள்.

இதுபோக, உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் சர்வரின் எண்) வைத்துப் பெயரைத் திருப்பிக் கேட்டால் உங்கள் சர்வரின் பெயரே வர வேண்டும். பிடிஆர் பதிவு என்று இதற்குப் பெயர். சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்தான் இதை எழுதித் தர முடியும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர், மறையாக்கம் (வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி அனுப்புவது) ஆகியவை கட்டாயம். நாளுக்கு 5,000 கடிதத்துக்குமேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் சேர்த்து எல்லாமே வேண்டும். நாம் அந்த அளவுக்கு அனுப்பப்போவதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் செய்துவிடுவதே நல்லது.

இவ்வளவு செய்தும் தடுக்கி விழுந்தேன். முதலில் வாடகைக்கு எடுத்த சர்வரின் ஐபி முகவரியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குப்பை அனுப்பியிருக்க வேண்டும்; குப்பை அனுப்பும் முகவரிகளின் தடைப்பட்டியல்களில் அது இருந்தது. நான் பார்க்கவில்லை. படைப்புக்கு நாங்கள் அனுப்பிய அழைப்பு பினாங்கில் இருக்கும் சித்தப்பாவின் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. 'என்னை மறந்துவிட்டீர்களாப்பா?' என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சொல்லப் பதில் இல்லை. சர்வரை எடுத்த அன்றே அதன் ஐபி முகவரியை ஸ்பாம்ஹாஸ் போன்ற பட்டியல்களில் தேடிப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே வேறு முகவரி கேளுங்கள், இல்லையென்றால் வேறு இடத்துக்குப் போங்கள். விளக்கம் எழுதி மன்றாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆக, உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது. வருவதும் போவதும் எல்லாம் சொந்த சர்வரில் என்பது முதல் வழி. வாரம் ஒரு மணி நேரம் தரும் ஆள் இருந்தால் மட்டும். வரும் கடிதத்தைச் சொந்த சர்வரில் வாங்கிக்கொண்டு, போகும் கடிதத்தை மட்டும் அஞ்சல் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சேவை வழியாக அனுப்புவது இரண்டாவது. அமேசான் எஸ்இஎஸ் அப்படி ஒன்று. மும்பையிலும் அதற்கு மையம் உண்டு. மின்னஞ்சலைக் கட்டணச் சேவை ஒன்றில் உங்கள் டொமைனோடு வைத்துவிட்டு, நாட்காட்டியை மட்டும் சொந்தமாக நடத்துவது மூன்றாவது. நாங்கள் இரண்டாவதில் இருக்கிறோம். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் மூன்றாவதையே சொல்வேன். டொமைன் கையில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மேலே ஏறலாம்.

ஐந்தாம் படி: சர்வர் எங்கே இருக்க வேண்டும்

முகப்பில் ஒரு மூலையில் சின்ன கம்ப்யூட்டரை வைத்துவிட்டால் போதுமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் வர மாலையாகும். ஐப்பசி இடியில் மோடம் ஒருமுறை கருகியது. மின்தடையால் கடிதம் தொலைந்துவிடாது; அனுப்பும் சர்வர்கள் நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே அஞ்சல் நெறி. ஆனால் வீட்டு இணைப்பில் அதைவிடப் பெரிய தடை உண்டு. பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. சர்வருக்குச் சர்வர் அஞ்சல் போகும் வாசலான 25ஆம் போர்ட்டும் பெரும்பாலும் மூடியே இருக்கும். வீட்டு இணைப்பு முகவரிகள் பலவற்றைத் தடைப்பட்டியல்கள் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கின்றன.

எனவே மின்னஞ்சலுக்கு வாடகை சர்வர்தான். அங்கும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்டுத்தான் பணம் கட்டுங்கள். கூகுள் கிளவுடில் வெளியே போகும் 25ஆம் போர்ட் மூடியிருக்கும், அமேசானில் விண்ணப்பித்தால்தான் திறப்பார்கள். நாட்காட்டி மட்டும் போதும் என்றால், நிலையான ஐபி முகவரியும் இன்வர்ட்டரும் இருக்கும் வீட்டில் தாராளமாக வைக்கலாம்.

ஆறாம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

பெயர்களைப் பார்க்கும் முன் ஒரு சொல்லை நினைவில் வையுங்கள்: கால்டேவ். கைபேசியும் கம்ப்யூட்டரும் நாட்காட்டி சர்வரோடு பேசும் பொது மொழி அது, 2007இல் வரையறுக்கப்பட்டது. தொடர்பு எண்களுக்குக் கார்ட்டேவ், மின்னஞ்சலுக்கு ஐமேப். இவற்றில் தன் வேலைக்கு உரிய மொழியைப் பேசாத மென்பொருளை, அதன் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள். உள்ளே போன குறிப்பு வெளியே வராது.

நாட்காட்டி மட்டும் வேண்டும் என்றால் ராடிகாலே, பைக்கால் இரண்டும் நல்லவை, மிகச் சிறியவை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ராடிகாலே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு தனிக் கோப்பாக வட்டில் வைக்கிறது. அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுத்தால் அதுவே பேக்கப். எனக்கு இந்த எளிமை மிகவும் பிடிக்கும். ஆனால் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதை வழக்கமாகக் கோப்பில் கையால் எழுத வேண்டியிருக்கும். பைக்காலில் பயனாளரைச் சேர்க்க இணையப் பக்கம் உண்டு; நாட்காட்டியைப் பார்ப்பதற்குப் பக்கம் கிடையாது; கைபேசியில்தான் பார்க்க வேண்டும். ஐந்தாறு பேருக்கு இது போதும்.

குழு கொஞ்சம் பெரிது, கோப்புகளும் படங்களும் சேர்த்து வைக்க வேண்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட். ஓன்கிளவுடிலிருந்து 2016இல் பிரிந்து வந்தது. நாட்காட்டியை ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ திறந்து விடுவது இதில் மிக எளிது; உறுப்பினர் அல்லாத சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் பார்க்க மட்டும் ஓர் இணைப்பைக் கொடுக்கலாம். பலர் ஏமாறும் இடம் ஒன்று இதில் உண்டு. நெக்ஸ்ட்கிளவுடில் 'மெயில்' என்று ஒரு செயலி இருக்கிறது. அது வேறு சர்வரில் இருக்கும் கடிதங்களை வாசித்துக் காட்டும் சாளரம் மட்டுமே. நெக்ஸ்ட்கிளவுட் அஞ்சல் சர்வர் ஆகாது. மூன்றாம் வழியில் போகிறவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை.

எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்கள் இரண்டைப் பாருங்கள். மெயில்-இன்-எ-பாக்ஸ் 1 ஜிபி நினைவகத்தில் ஓடும். அஞ்சலை இணையத்தில் வாசிக்க ரவுண்ட்கியூப், நாட்காட்டிக்கு உள்ளே நெக்ஸ்ட்கிளவுட். டிஎன்எஸ் வரிகளையும் தானே எழுதிக்கொள்ளும். அதற்குப் பதிலாக முழு சர்வரையும் தனக்கே கேட்கும், அதன் போக்கிலிருந்து விலகவும் விடாது. நிறுவும் முன், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் எந்தப் பதிப்பின்மேல் அது இயங்குகிறது, அந்தப் பதிப்புக்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று பாருங்கள், உபுண்டு 22.04 என்றால் 2027வரைதான்.

மற்றது மெயில்கவ். இது டாக்கரில், அதாவது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் ஏற்பாட்டில், ஓடுகிறது. அஞ்சலை அனுப்பிவாங்கப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட். குப்பை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. நாட்காட்டிக்கும் இணைய அஞ்சலுக்கும் சோகோ. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் வேறு, இது வேறு. ஒலி நெருங்கி இருப்பதால் எங்கள் வீட்டிலேயே குழப்பம் வந்தது. குறைந்தது 6 ஜிபி நினைவகமும் நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் 1 ஜிபி ஸ்வாப்பும் கேட்கும் என்பதால் வாடகை கூடுதல். ஆனால் நாங்கள் இதையே எடுத்தோம். காரணம், இதில் இடத்தையும் பொருளையும் உறுப்பினர் போலவே பதிந்துவைக்கலாம். 'வளவு' என்று ஓர் இடம் திறந்தோம், 'பெரிய அண்டா' என்று ஒரு பொருள். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று எல்லை வைத்தோம். நிகழ்ச்சியைக் குறிக்கும்போது வளவையும் விருந்தினராக அழைத்தால், காலியாக இருந்தால் தானே ஒப்புக்கொள்ளும். வேறு ஒருவர் எடுத்திருந்தால் மறுத்துவிடும். அந்த ஆவணி முகூர்த்தத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஸ்டால்வார்ட் என்று ஒன்று இப்போது வேகமாக வளர்ந்து வருகிறது. ஒரே நிரலுக்குள் எல்லாம் அடக்கம். நாட்காட்டி அதில் 2025இல்தான் சேர்ந்தது. கற்றுக்கொள்ள எடுங்கள், வீட்டுக் காரியத்துக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். ஜிம்ப்ரா போன்றவை பெரிய அலுவலகங்களுக்கு உரியவை.

ஏழாம் படி: சோதிக்காமல் குடியேறாதீர்கள்

இரண்டு மென்பொருளைப் பொறுக்கி, நாலு பேரோடு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்த நாலு பேரில் ஒருவர் குழுவிலேயே மூத்தவராக இருக்கட்டும். நாங்கள் செய்த சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலில் தமிழ். 'பெரிய வீட்டுப் படைப்பு: சமையல் சாமான் இறக்க வேண்டியது' என்று நீண்ட தலைப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதியுங்கள். நாட்காட்டிக் கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்குமேல் போகாமல் மடித்து எழுதுவது நெறி. தமிழில் எழுத்தும் அதன்மேல் ஏறும் கொம்பும் புள்ளியுமாக ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். தலைப்பு என்று சொல்லும் ஆங்கில அடையாளத்துக்கு 8 பைட் போனால் மிச்சம் 67. இடைவெளியே இல்லாமல் தமிழ்க் குறிகளாகவே இருந்தால், அதில் 22 குறிகள் அடங்கி, ஒரு பைட் மீதியாகும். கவனமில்லாத மென்பொருள் 23ஆவது குறியை அந்த ஒரு பைட்டில் வெட்டி, மீதியை அடுத்த வரியில் போடும். வாசிக்கும் கைபேசியும் கவனமில்லாததாக இருந்தால் நடுவில் கறுப்புக் கட்டமோ கேள்விக்குறியோ வந்து நிற்கும். நான் ஒதுக்கிய ஒரு மென்பொருளில் தலைப்பு இப்படித்தான் உடைந்தது. எல்லாக் கைபேசியிலும் முழுத் தலைப்பும் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 8 மணி வீடியோ கூட்டம் அங்கே 10.30 என்று காட்ட வேண்டும். இந்திய நேரம் என்ற குறிப்போடு பதிந்தால் அது தானே நடக்கும். படைப்பு அப்படி ஆகக் கூடாது. அதை 'முழு நாள்' என்று பதியுங்கள். முழு நாள் நிகழ்ச்சிக்கு நேர மண்டலம் கிடையாது, அமெரிக்காவில் முந்தைய நாளுக்கு நழுவாது. 10ஆம் தேதி முதல் 12 வரை என்று மூன்று நாள் நிகழ்ச்சி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். கோப்புக்குள் முடிவு நாள் 13 என்றுதான் எழுதப்படும், அது நெறி. திரையிலும் 13 வரை நீண்டால் பிழை.

ஆண்டுதோறும் திரும்ப வருவதற்கு நாட்காட்டியில் ஒரு வசதி உண்டு. நம் விசேஷங்களுக்கு அதை நம்பாதீர்கள். ஆடி 18 ஓர் ஆண்டு ஆகஸ்ட் 2, இன்னோர் ஆண்டு 3. பிள்ளையார் நோன்பு கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள். இந்தக் கணக்கு எதுவும் அந்த வசதிக்குத் தெரியாது. எங்கள் ஏற்பாடு இது: பஞ்சாங்கம் வந்ததும் அந்த வருட முறைக்காரர் ஒரு மாலை உட்கார்ந்து எல்லா நாளையும் எழுதி, ஒரே ஐசிஎஸ் கோப்பாக (நாட்காட்டிகள் வாசிக்கும் கோப்பு வகை) உள்ளே ஏற்றிவிடுவார். ஒரு மணி நேர வேலை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்த்தால் போதும்.

பிறகு கைபேசி. ஐபோனில் கால்டேவ் கணக்கை அமைப்புகளிலேயே சேர்க்கலாம். ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி வேண்டும். கூகுள் கடையில் காசு, எஃப்-டிராய்டு என்ற இன்னொரு செயலிக் கடையில் இலவசம். அதை நிறுவினால் மட்டும் போதாது. பல கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி இந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகின்றன. நாட்காட்டி பழையதாகவே நிற்கும். பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் அப்பத்தாவின் கைபேசியில் மூன்று நாள் எதுவும் வராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். 'சுவரில் இருக்கும் காலண்டர் தூங்கவில்லையே' என்றார். அன்றிலிருந்து மாதம் பிறந்ததும் அந்த மாதத்து நாட்காட்டியை அச்செடுத்துச் சாமான் அறைக் கதவில் ஒட்டுகிறோம். உங்கள் குழுவிலும் திரை பார்க்காதவர் இருப்பார். அச்செடுத்தால் தெளிவாக வருகிறதா என்பதையும் சோதனையில் சேருங்கள்.

உரிமைகளைக் கடைசியாகப் பாருங்கள். எல்லோரும் பார்க்கலாம், முறைக்காரரும் துணையும் மட்டும் மாற்றலாம் என்று வையுங்கள். சோகோவில் தேதியும் நேரமும் மட்டும், எல்லா விவரமும், மாற்றும் உரிமை என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். மருத்துவமனை நாள், சம்பந்தம் பேசும் நாள் போன்றவற்றை யாரும் பொது நாட்காட்டியில் விவரமாகப் போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: காப்பதும் கைமாற்றுவதும்

பேக்கப் தினமும் தானாக ஓட வேண்டும். ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். மெயில்கவ்வில் இதற்கென்றே ஒரு நிரல் உள்ளே வருகிறது. ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்களால் மறையாக்கி வெளியே அனுப்பலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வெற்று சர்வர் ஒன்றில் அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிப் பாருங்கள். நான் முதன்முறை செய்தபோது அஞ்சல் வந்தது, நாட்காட்டி வரவில்லை. அந்தத் தரவுத்தளத்தை நகலில் சேர்க்க மறந்திருந்தேன். சோதனையில் தெரிந்ததால் பிழைத்தோம்.

மென்பொருள் திருத்தங்களை மாதம் ஒரு நாள் குறித்து, பேக்கப் எடுத்த பிறகு போடுங்கள். இணைப்பை மறையாக்க உதவும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானே புதுப்பித்துக்கொள்கிறதா என்று கண் வையுங்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் தனிச் செயலிக் கடவுச்சொல் கொடுங்கள். கைபேசி தொலைந்தால் அதை மட்டும் அழிக்கலாம். ஒரு பெட்டியிலிருந்து மணிக்கு இத்தனை கடிதம்தான் போகலாம் என்று எல்லையும் வையுங்கள். கடவுச்சொல் திருடு போனாலும், ஐபி முகவரி தடைப்பட்டியலில் விழும் முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு காகிதம். டொமைன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், சர்வர் வாடகை யாருக்கு, நிர்வாகக் கடவுச்சொல், பேக்கப்பைத் திறக்கும் சாவிச்சொல், மீட்டெடுக்கும் படிகள். கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு வீட்டில் வையுங்கள். எங்களுடையதில் ஒன்று சென்னையில் இருக்கிறது. மற்றது படைப்புப் பேழைக்குப் பக்கத்தில், வீட்டுப் பத்திரங்களும் பழைய ஐந்தொகை நோட்டுகளும் இருக்கும் பெட்டகத்தில். முறை மாறும் நாளில் புதிய முறைக்காரர் உறையைப் பிரித்து, அதில் எழுதியிருப்பதை வைத்துச் சர்வருக்குள் நுழைந்து காட்டுவார். அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றி, புதிய காகிதம் எழுதி, புதிய உறையில் ஒட்டிய பின்தான் சாவிக்கொத்து அவர் கைக்குப் போகும்.